தீட்டாவில் தொடங்கும் பெயர்

கப்பல் வருமா என்று கேட்டேன்.
டிக்கெட் அறையில் நிகிடாஸ்
புருவத்தை மேலேற்றி
'ச்சு' என்றார்.
ஐயோ பாவம் என்று எனக்காக
உச்சுக்கொட்டுகிறார் என நினைத்து
நன்றி சொல்லிவிட்டு வந்து
துறையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்
மத்தியானம் வரை.
இங்கே அதற்குப் பொருள் 'இல்லை'.
அவ்வளவுதான்.

காற்று எட்டு என்கிறார்கள்.
எட்டு என்றால் கப்பல் இல்லை.
கப்பல் இல்லையென்றால் தக்காளி இல்லை,
செய்தித்தாள் இல்லை,
பல்வலிக்கு மருத்துவர் இல்லை.
பூனைகள் மட்டும்
படகு போகாத நாளிலும்
வேலைக்கு வருவதுபோல்
ஆறு மணிக்குத் துறைக்கு வந்துவிடுகின்றன.

மின்கம்பத்தில் ஒரு தாள்.
கறுப்புக் கட்டம், மேலே சிலுவை.
கண்ணீர் அஞ்சலி எந்த மொழியில் இருந்தாலும்
கண்ணுக்குப் புரிந்துவிடுகிறது.
பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்து
எழுத்துக் கூட்டினேன்:
தீட்டா, எப்சிலான், லாம்டா,
காமா, கடைசியில் சிக்மா.
முக்கோணத்தின் மூலையில்
நாற்பத்தைந்து பாகையாய்ச்
சும்மா கிடந்த தீட்டா
எழுந்துவந்து
ஒரு மனிதரின் பெயரைத் தொடங்கியது.
தெயோலோகோஸ். வயது எண்பத்தொன்று.

அறை வாடகைக்குத் தந்த அர்கிரோ சொன்னார்,
இரண்டு கைகளாலும்
சுமார் நாற்பது ஆங்கிலச் சொற்களாலும்:
ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.
புதன்கிழமை அடக்கம்.
உடல் பிரேயஸ் துறைமுகத்தில்
வெள்ளை வேனுக்குள் காத்திருக்கிறது,
நான் காத்திருக்கும் அதே கப்பலுக்கு.

புதன் போனது. வியாழனும்.
குழிமேல் பலகை போட்டு
நாலு மூலையிலும் கல் வைத்தார்கள்,
ஆடு விழாமலிருக்க.
வெட்டியவர் நிகிடாஸ்தான்.
டிக்கெட், குழி, கோயிலில் பாட்டு
மூன்றும் அவர் பொறுப்பு.
காற்று எட்டானால் பாட்டு மட்டும் நடக்கும்.

சடங்குக்கு வேகவைத்த கோதுமை
இரண்டாம் நாள் புளித்தது.
கோழிகளுக்குக் கொட்டிவிட்டு
மறுபடி உலையேற்றினார் அர்கிரோ.
என்னை எதிரே உட்காரவைத்து
மாதுளை உதிர்க்கச் சொன்னார்.
முகம் தெரியாத ஒருவருக்காக
விரல் சிவக்க உதிர்த்தேன்.
நல்ல மனிதரா என்று கேட்டேன்.
நிறைய நேரம் யோசித்தார்.
பகடையில் ஏமாற்றுவார்.
என் ஏணியை வாங்கிப்போய்
ஏழு வருஷமாகிறது.

இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை
தீவு ஷட்டரை இறக்கிவிடும்.
அப்போது நடந்தால்
திருடனுக்குக் கேட்பதுபோல்
சொந்தக் காலடி கேட்கும்.
ஒரு வீட்டில் குறட்டை.
ஒரு வீட்டில் யாரும் பார்க்காத டிவி.
படிக்கட்டில் நீல வாளி,
அதற்குள் ஊறும் ஆக்டோபஸின் ஒரு கை
விளிம்பில் தொங்குகிறது.
மாலையில் காப்பிக்கடையில்
காற்றைத் திட்டுகிறார்கள்,
பாகம் பிரிக்க வராத பங்காளியைத் திட்டுவதுபோல்.

சனிக்கிழமை, விடியாத நாலு மணி.
சத்தம் நின்றதால் விழித்துக்கொண்டேன்.

கப்பல் வாயைத் திறந்தது.
முதலில் தக்காளி லாரி.
பிறகு ஒரு மெத்தை, ஒரு ஃபிரிட்ஜ்,
சைக்கிளோடு ஒரு பையன்.
பிறகு வெள்ளை வேன்,
சரிவில் இறங்கப் பயந்ததுபோல் மெதுவாக.
தொப்பிகள் கழன்றன.
நிகிடாஸ் இடக்கையால்
என் டிக்கெட்டைக் கிழித்தார்,
வலக்கையால் சிலுவையிட்டபடி.
பத்து நிமிடம்தான் நிற்கும்.
ஊர் முழுக்க மேட்டைப் பார்த்து நடக்க
நான் ஒருத்தி எதிர்த்திசையில்,
சத்தம் வரக்கூடாதென்று
சக்கரப்பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு.
அர்கிரோ கூட்டத்தை விட்டு ஓடிவந்து
காகிதப் பொட்டலம் ஒன்றைத் திணித்துவிட்டு
மறுபடி ஓடினார்.

வேன் நின்றிருந்த இடத்தில்
ஆடு ஏற்றிய லாரி நின்றது.
மேல்தளத்தில் கயிறு சுருட்டிய பையன்
கரையைக் காட்டிக் கேட்டான்,
உங்கள் உறவா?
புருவத்தை ஏற்றி
'ச்சு' என்றேன்.
எந்த மொழியில் சொன்னேன் என்று
எனக்கே தெரியவில்லை.
வாய் நிறையக் கோதுமை, மாதுளை.