விடியாத நான்கு மணி

கோத்தன்பர்க்கில் காலை பத்து.
கான்செப்சியோனில் எங்களுக்கு விடியாத நான்கு.
சமையலறை மேசையில் மூன்று தடித்த புத்தகங்கள்,
அவற்றின் மேல் மடிக்கணினி.
கேமரா கண்மட்டத்துக்கு வரவேண்டுமாம்.
இடுப்புக்கு மேலே நயாரெத்
வெள்ளைச் சட்டை, காது வளையம்.
இடுப்புக்குக் கீழே
பழைய கம்பளிக் கால்சட்டை, இரண்டு ஜோடிக் காலுறை.
மண்ணெண்ணெய்க் கணப்பின் நாற்றம் திரையைத் தாண்டாது,
அது ஒரு நிம்மதி.

என் வேலை கதவோரம் நிற்பது,
இணையம் செத்தால் என் கைபேசியை நீட்டுவது,
பக்கத்து வீட்டு நாயைச் சத்தமில்லாமல் திட்டுவது.

இது பதினேழாவது விண்ணப்பம் என்பாள்.
நான் எண்ணியது இருபத்திரண்டு.
பதிலே வராதவற்றை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாண்டு ஒப்பந்தம்.
"நீட்டிக்கப்படலாம்" என்ற ஒரு சொல்லை
எத்தனை தடவை படித்திருப்பாள்.
பட்டம் பெற்று ஐந்தாண்டு தாண்டியவர்கள்
விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் ஒரு வரி.
அவளுக்கு மீதம் நான்கு மாதம்,
பால் பாக்கெட்டின் ஓரத்தில் அச்சிட்ட மாதிரி.

திரையில் மூன்று முகம்.
நடுவில் பேராசிரியர் ஏக்கெலுண்ட்,
முதுகுக்குப் பின்னால் ஜூலை வெயில்.
அதிர்வைத் தூண் எப்படி விழுங்கும், சொல்லுங்கள் என்கிறார்.
அவள் நான்காவது படத்தைத் திறக்கிறாள்.

முதலில் தட்டுகள் பேசின.
பிறகு விளக்கு,
தெற்கு வடக்காக, அவசரமில்லாமல்.
நாய் வாயடைத்தது.
நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் எதையும் பிடிக்கவில்லை.
மேசைக்கடியில் இடக்கை மட்டும்
விரல்விட்டு நொடிகளை எண்ண,
குரல் எங்கும் தடுக்காமல்
கம்பி, கான்கிரீட், தணிப்பு விகிதம் என்று
தன் பாட்டுக்குப் போனது.
பதினொன்று. பன்னிரண்டு.
நின்றது.

படம் கொஞ்சம் ஆடுகிறதோ என்றார் ஒருவர்.
நில அதிர்வு, ஐந்துக்குக் கீழேதான்,
மன்னிக்கவும், அடுத்த படம் என்றாள்.
வேடிக்கை என்று நினைத்து
மூவரும் சிரித்தார்கள்.

கடைசிக் கேள்வி:
ஐந்து வருடம் கழித்து
உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
கட்டடம் ஆடியபோது வராத நடுக்கம்
அப்போது வந்தது, கீழுதட்டில்.
காலுறை மேல் காலுறை தேய்ந்தது.
ஏதோ சொன்னாள்.
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

திரை இருண்டதும் தேடிப் பார்த்தோம்.
நாலு புள்ளி ஏழு, கடலடியில்.
நாலு புள்ளி எட்டு என்று நினைத்தேன்,
அலுத்துக்கொண்டாள்.
வளையங்களைக் கழற்றி
சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டாள்.
நகர்ந்த தட்டுகளை அடுக்கினோம்.

வியாழன் மாலை ஏழுக்கு என் முறை.
ஹோபார்ட், கடற்பாசி, பதினெட்டு மாதம்.
அந்தச் சட்டையை இரவல் கேட்டேன்.
முதுகுப் பக்கம் முழுக்க ஈரம்.
துவைத்துத் தருகிறேன் என்றாள்,
கணப்பின் மேல் போட்டால்
புதனுக்குள் காய்ந்துவிடும்.