வரவு வைக்காத தொகை

சுத்திகரிப்பு நிலையத்து மாடி.
சாயப்பட்டறைக்காரர்கள் நாற்பத்தொரு பேர்.
பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கிறது.
நான் கருணாம்பிகை, கணக்கர்,
மினிட்ஸ் நோட்டில் தேதி போட்டுவிட்டேன்.

பொருள்: உப்பு பிரித்தபின் மிஞ்சுகிற தண்ணிக்கு
யார் பணம் கட்டுவது.

நூறு லிட்டர் சாயத்தண்ணி உள்ளே போனால்
எண்பத்தைந்து தெளிந்து திரும்பும், மீண்டும் துணி நனைக்க.
மிச்சம் பதினைந்தைத்
தொட்டு நாக்கில் வைத்தவன்
மத்தியானச் சோற்றைத் தொடமாட்டான்.
அதைச் சுண்டக் காய்ச்சும் எந்திரத்துக்கு வயதாகிவிட்டது.
புதியது பதினெட்டுக் கோடி.
சுவருக்கு அந்தப்பக்கம் ஓர் ஓடை,
ஓடை முடிகிற இடத்தில்
பறவைகளுக்கென்று அரசாங்கம் வேலியிட்ட ஏரி.

சென்னியப்பன் எழுந்தார்.
"ஏனுங்க, குழாய் போட்டுக் கடலுக்கே உட்டுருலாமுங்க.
கடல்ல இல்லாத உப்புங்களா?"
கிழக்கே கடல் இருநூற்றைம்பது கிலோமீட்டர்.
வழியெல்லாம் எவனுடைய தென்னையோ, எவனுடைய கிணறோ.
போய்ச் சேருமிடத்தில் பவளத்திட்டு.
அங்கேயும் ஒரு வேலி.
குழாயின் விலையைச் சொன்னேன்.
அவர் உட்கார்ந்துகொண்டார்.

வங்கிக்குப் போனதைப் படித்தேன்.
"ஈடா என்ன வெப்பீங்க?" என்றார் மேலாளர்.
ஷெட்டில் பதினோராயிரம் மூட்டை உப்பு இருக்கிறது என்றேன்.
சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு
டீ வரவழைத்தார்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
எங்களுக்கு உப்பே குப்பை.

ரஹ்மத்துல்லா பாய் போட்ட கணக்கு:
பனியன் ஒன்றுக்கு நாற்பது பைசா.
வாங்குகிற கம்பெனிக்கு எழுதினோம்.
பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.
உங்கள் ஏரியை நினைத்து எங்கள் நெஞ்சு பதைக்கிறது.
கழுத்துப்பட்டியில் ஒரு பச்சை இலை அச்சடித்து அனுப்புங்கள்.
இலைக்கான செலவு உங்களுடையது.

மானியம் கால்பங்கு வரும்,
தேர்தல் முடிந்தபின்.
மீதியை உறுப்பினர்கள் சமமாய்ப் போடுவது என்றார் தலைவர்.
கடைசி வரிசையிலிருந்து அங்குலட்சுமி:
"ரெண்டு வின்ச்சு வெச்சிருக்கறவளும்
இருவத்தெட்டு வெச்சிருக்கறவீங்களும்
ஒரே பங்குன்னா எப்புடிங்க?"
யாரும் பேசவில்லை.
இருபத்தெட்டு வின்ச்சுக்காரர்
பஜ்ஜியின் எண்ணெயைத் தாளில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் இருப்பது
நேற்று ராத்திரி என் மேசையில் நான் கண்டது.
ஐப்பசி மாதத்து மின்கட்டணம் சரியாய்ப் பொருந்தவில்லை.
நான்கு இரவுகள்.
யூனிட் பாதிக்கும் கீழே.
விறகும் தூக்கவில்லை.
ஆனால் விடிகாலையில் தொட்டி காலி.
ஷிப்டுப் புத்தகத்தில் செங்கோடன்,
முத்துமுத்தான எழுத்து அவனுக்கு,
நான்கு முறையும் எழுதியிருக்கிறான்:
எந்திரம் நல்லபடியாக ஓடியது.
அந்த நான்கு வரி மட்டும் கோணலாக.
மழைக்குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
அதே நான்கு இரவு.

மிச்சமான பணம்
இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைவதற்குள்
கடன் கொடுத்தோர் பட்டியலை வாசித்தேன்.
வங்கி, இல்லை.
அரசு, நிலுவை.
வாங்குகிற கம்பெனி, ஓர் இலை.
நான்காவதாக: ஏரி.
ரூபாய் இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
வட்டி பேசவில்லை. கையெழுத்து வாங்கவில்லை.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்தக் கடைசி வரிய அடிச்சிருங்கம்மிணி."
அடிக்கவில்லை.
தட்டை நகர்த்திவிட்டு
நோட்டை அவர் பக்கம் திருப்பி, பேனாவையும் வைத்தேன்.
அவரும் அதைத் தொடவில்லை.

ஜன்னல் தகரத்தில் தூறல் விழத் தொடங்கியது.
எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.
படியிறங்கும்போது யாரோ,
குரல் யாருடையதென்று சத்தியமாய்த் தெரியவில்லை,
கேட்டார்:
"செங்கோடனுக்கு இன்னிக்கு எந்த ஷிப்டுங்க?"