எடைக் கணக்கு

சமையலறை மேசையில் தெற்கு ஆஸ்திரேலியா
மடிப்புத் தழும்புகளோடு கிடக்கிறது.
மேற்கு, மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது.
சுருளாமலிருக்க ஒரு மூலையில் உப்புப் போத்தல்,
மறு மூலையில் வத்சலாவின் மாத்திரைப் பெட்டி.
யன்னலில் வையாலா உருக்காலையின் செம்மஞ்சள்.

இங்கிருந்து செடுனா,
செடுனாவிலிருந்து ஃபாரஸ்ட்,
அங்கிருந்து கல்கூர்லி, பிறகு பெர்த்.
பென்சிலால் கோடு இழுப்பது சுலபம்.
கோட்டுக்குக் கீழே
மரமென்று சொல்ல ஒன்றுமில்லாத தரை.
ஒரேயொரு தண்டவாளம்
என் கோட்டைவிட நேராகப் போகிறது.

நாற்பது வயதுச் செஸ்னா. இரண்டே இருக்கை,
தோளும் தோளும் முட்டும்.
மேற்கிலிருந்து இருபத்தைந்து நொட் காற்று,
மார்பில் கைவைத்து மறிக்கிற ஆள்மாதிரி.
கல்கூர்லியில் மேகம் தாழ்ந்திருந்தால்
வட்டமிட்டுக் காத்திருக்க எண்ணெய் மிஞ்சுமா?
மூன்று தரம் கூட்டினேன்.
மூன்று தரமும் இல்லை என்றது தாள்.

"ஜெட்டில மூண்டு மணித்தியாலம், வத்சலா."
"மூண்டு மணித்தியாலத்தில போய்ச் சேர்ந்து
அங்க என்ன செய்யிறது?"
தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.
சுளைகளையெல்லாம் என் பக்கமே தள்ளினாள்.

பயணி எடை:
ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்தேன்,
போன சித்திரையில் அட்லெய்டு போனபோது போட்டது.
"அது பழசு" என்று எழுந்து போனாள்.
குளியலறைத் தராசில் செருப்போடு ஏறி,
கைப்பையையும் தோளில் கொழுவிக்கொண்டு நின்றாள்.
கைப்பைக்குத் தனிக் கட்டம் உண்டு என்றேன்.
கழற்றினாள்.
நாற்பத்துநான்கு.
"செருப்பு இருக்கட்டும்" என்றாள்.

அழித்தேன். துகளை ஊதிவிட்டேன்.
மிச்சம் வெறும் வகுத்தல், பெருக்கல்.
பதினான்கு கிலோ குறைந்தால்
பத்தொன்பது லீட்டர் கூட ஏற்றலாம்.
இரண்டு தாங்கியும் விளிம்புவரை நிறையும்.
பத்தொன்பது லீட்டர்
நாற்பத்தெட்டு நிமிடம் பறக்கும்.

அதைக் கையால் மறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.
விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி
வாசித்துவிட்டாள்.
ஈர விரலின் மணம் தாளில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியே" என்றாள்,
கடனைத் திருப்பிக் கொடுத்தவள் மாதிரி,
"நாப்பத்தெட்டு நிமிசம் என்ர."

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டேன். புளிப்பு.
அடுத்த கட்டம்: பொதிகள், பின்புறம்.
குடிதண்ணீர் எட்டு கிலோ.