உப்பு ஏறும் ஆண்டு

கலிவரதன் இறால் குட்டையில் உப்பு பார்க்கிறான்.
ஒரு சொட்டு நீர், சாண் நீளக் குழல்,
ஒற்றைக் கண் மூடி வெளிச்சத்துக்கு நேரே தூக்கி
"இருபத்தெட்டு" என்கிறான்.
பிறகு எதற்கும் இருக்கட்டுமென்று
விரலை நனைத்து நாக்கில் வைக்கிறான்.

என் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான்.
முதுநகரில் ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர்மாடி,
மூன்று மணிக்குப் போன கரண்ட்,
பீப் பீப் என்று கதறும் யூ.பி.எஸ்.,
திரையில் ஒன்பதாயிரம் பொய்த்துகள்.
பூமியிலிருந்து கிளப்பி
அவற்றைப் பின்னோக்கி ஓட விடுகிறேன்.
சூரியக் காற்று வளைத்த பாதையில்
தட்டித் தடுமாறி
எது எந்த விளிம்பில் போய் முட்டுகிறதோ
அங்கிருந்து வந்ததென்று பேர்.
முன்னோக்கி ஓட்டினால் ஆகாது.
விளிம்பில் கிளம்பும் கோடியில் ஒன்றுகூட
இந்தச் சிற்றுருண்டையைத் தொடாது.

அடைமழையில் கெடிலம் பெருகினால்
கடல்நீர் முகத்துவாரம் தாண்டி ஏற முடியாது.
சித்திரையில் ஆறு நூலானதும்
உப்பு சத்தமில்லாமல் உள்ளே நடக்கும்,
மேலத்தெருக் கிணறுவரை.
சூரியனும் அப்படியொரு ஆறு.
புள்ளிகள் மொய்த்துப் பொங்கும் ஆண்டில்
வெளியிலிருந்து வருவதைத் துரத்தும்.
மாசுமருவின்றி அது அடங்கிக் கிடக்கையில்
எங்கோ வெடித்த விண்மீனின் தூள்
கூடுதலாய்ப் பெய்யும்.

பேச்சுக்கு நல்ல உவமை.
கணக்குக்குப் போதாது.
பதினோரு ஆண்டுக்கொரு முறை சூரியன்
தன் காந்தத்தைத் தலைகீழாய்ப் புரட்டும்.
ஒரு சுற்றில் என் வரைகோடு கூர்ந்த கோபுரம்,
அடுத்ததில் மொட்டைமாடி.
உப்பனாறு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அப்புறம் தாமதம்.
சூரியன் இன்று போட்ட சத்தம்
எல்லை போய்ச் சேர ஓராண்டு ஆகும்.
"மழ விட்ட அன்னிக்கு ஒண்ணும் ஆவல ஷமீமு,
பத்தாம் நாளுதான் எறா மொதந்துச்சி"
என்றான் எட்டாம் வகுப்பில்
எனக்குப் பின்பெஞ்சில் இருந்தவன்.
அதற்குள் நான் தாமதம் ஏழு மாதமென்று எழுதியிருந்தேன்.
எட்டு என்றால் இன்னும் பொருந்துகிறது.
ஏன் எட்டு? தெரியாது.
பொருந்துகிறது, அவ்வளவுதான்.
எனக்கும் ஒரு நாக்கு வேண்டும்.

போன தையில் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
நானே ஒரு கருவி வைத்தேன்.
இரண்டு பலகை, நடுவே செங்கல்,
கறுப்புத் தாள் சுற்றி, கார் பேட்டரியில்.
ஆண்டு முழுக்க எண்ணியது.
கோடு பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடக்கிறது.
தெரிந்ததுதான்.
நம் தலைக்கு மேல் பூமியின் காந்தம்
குறுக்கே கை நீட்டி நிற்கிறது.
சூரியன் அசைத்துப் பார்த்தும் அசையாத முரடர்களை மட்டும்
உள்ளே விடுகிறது.
நான் பொருத்தும் மேடுபள்ளமெல்லாம்
துருவத்துப் பனியில்.
கடலூருக்கு அந்தச் சேதி வருவதில்லை.

ஒரே ஒரு நாள் எகிறியது.
தூக்கம் கலைந்து, படி இரண்டிரண்டாய் ஏறிப் பார்த்தால்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
காற்று மெலிந்திருக்கிறது, அதனால்
வழக்கத்தைவிட நாலு துகள் அதிகம்.
சூரியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
மறுநாள் கலிவரதன் கேட்டான்:
"என்னா காட்டுச்சி?"
"புயல்" என்றேன்.
"அதுக்குத்தான் கூண்டு இருக்குதே."

எழுபத்தொன்பதாவது ஓட்டத்திலும்
மூன்று சதவீதம் இடிக்கிறது.
காந்தம் புரளும் ஆண்டில்தான், வேறெங்கும் இல்லை.

யூ.பி.எஸ். கடைசியாய் ஒருமுறை கூவிவிட்டு
அணைந்தது.
ஒன்பதாயிரமும் எந்த விளிம்பும் தொடாமல்
நடுவழியில் நின்றுபோயின.
இருட்டில், மாடியில்,
பேட்டரிக்காரன் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறான்:
டிக். டிக்டிக்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக்.
ஆற்றுக்கு அக்கரையில் கலிவரதன்
ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறான்.
மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிறது.