பறக்காத பாகம்

அசாஹிகாவாவில் பனி
ஜன்னலின் பாதிவரை ஏறியிருந்த மாதம்
தலைமை அலுவலகத்திலிருந்து தொலைநகல் வந்தது:
டிசம்பருக்குள் இன்னொரு பாகம்,
கையடக்கக் கருவிக்கு.
செலவு குறைவாக.

நாயகன் அணில்.
சிவப்பு மஃப்ளர் கட்டிய பறக்கும் அணில்.
மூன்று பாகங்களில்
ஊர் உலகத்துப் பிள்ளைகளின் கட்டைவிரல்களைக்
காய்ப்பேற வைத்தது.
(நம் அணில் இல்லை. முதுகில் கோடு கிடையாது.
எந்தக் கடவுளுக்கும் மண் சுமக்கவில்லை.
சம்பாதித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.)

அந்தச் சின்னக் கருவிக்குள் வானம் கொள்ளவில்லை.
வேகம் கூட்டினால் மேகம் கிழிந்தது,
ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரம் முளைத்தது.
இமாயிசுமி மூன்று இரவு கணக்குப் போட்டுவிட்டு
நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துச் சொன்னான்:
"பறக்காது."
இயக்குநர் வகுயி சிகரெட்டை அணைத்தார்.
"சரி, நடக்கட்டும்."

இப்படித்தான்
இடது கையில் கட்டுப் போட்ட அணில்
ஒன்பது கட்டங்கள்
நடந்தது.
ஓடைகளைச் சுற்றி நடந்தது.
சென்ற பாகத்தில் ஒரே தாவலில் கடந்த பள்ளத்தாக்கில்
இறங்கி, ஏறி, நடந்தது.

நான்கு விமர்சகர்கள், ஆளுக்குப் பத்து மதிப்பெண்.
கூட்டினால் நாற்பதுக்குப் பதின்மூன்று.
ஒருவர் எழுதினார்:
இது விளையாட்டல்ல, பிசியோதெரபி.
பிப்ரவரியில் கடைவாசல் கூடைக்கு வந்துவிட்டது.
கருவிக்குப் போடும் பாட்டரி
அதைவிட விலை கூடுதல்.

ஒபாதா சிசுரு ஒன்று செய்திருந்தாள்,
யாரும் கேட்காமலே.
மூன்று நிமிடம் எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டால்
அணில் உட்காரும்.
மஃப்ளரைக் கழற்றும்.
அடிபட்ட கை ஒத்துழைக்காது,
ஒரு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு
மறு முனையை ஒற்றைக் கையால் மடிக்கும்.
ஆறு படங்கள். பதினோரு நாள் வேலை.
"இதை யார் பார்ப்பார்கள்?" என்றார் வகுயி.
அழிக்கச் சொல்லவும் இல்லை.

யாரும் பார்க்கவில்லை.
நடக்கிற விளையாட்டில்
நிற்கவும் எவருக்குப் பொறுமை இருக்கிறது?

வசந்தத்தில் நிறுவனத்தை மூடினார்கள்.
இமாயிசுமி லிஃப்ட் கம்பெனிக்குப் போனான்.
சிசுரு மருந்து அட்டைகளுக்கு
வயிறு வரைந்தாள், நுரையீரல் வரைந்தாள்,
அம்புக்குறி போட்டாள்.

இந்த அக்டோபரில் நகோயாவில்
அணிலுக்கு முப்பத்தைந்தாம் ஆண்டுக் கண்காட்சி.
இரண்டாயிரம் யென் கொடுத்து உள்ளே போனாள்.
சுவர் நீளத்துக்குப் பாகங்கள்,
கண்ணாடிக்குப் பின்னே, ஆண்டுவாரியாக.
மூன்றாம் பாகம்.
பிறகு ஒரு தீயணைப்பு உருளை.
பிறகு நான்காம் பாகம்.

உருளையின் முன் நின்றாள்.
அழுத்தம் சரியாக இருக்கிறது என்று முள் காட்டியது.
கடைசியாகச் சோதித்த தேதி எழுதியிருந்தது.
"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்,
அவசரத்துக்கு வழி விட வேண்டும்" என்றான் காவலாளி.

தள்ளி நின்ற இடத்தில் பெரிய திரை.
புத்தம்புதிய பாகம், இன்னும் கடைக்கு வரவில்லை.
ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்து
அவன் அப்பா கழிப்பறைக்கு இழுத்துப் போயிருந்தார்.
கருவி நாற்காலியில் கிடந்தது.
அணில் மலையுச்சியில்,
மயிர் மயிராய்க் காற்று.

அது உட்கார்ந்தது.
மஃப்ளரைக் கழற்றியது.
இரண்டு கையும் நன்றாக இருக்கிற அணில்,
கட்டில்லை, காயமில்லை,
ஒரு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு
ஒற்றைக் கையால் மடித்தது.

பையன் மூக்கில் பஞ்சோடு ஓடிவந்து
பொத்தானை அழுத்தினான்.
பறந்துவிட்டது.

சிசுரு வரிசையின் கடைசிக்குப் போனாள்.
முன்னால் இருபத்தாறு பிள்ளைகள்.
நாற்பது நிமிடம் ஆகும் என்று பலகை சொன்னது.
கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்,
தன் முறை வந்ததும்
ஆடாமல் இருப்பதற்கு.