ஏப்ரல் வரை

நவம்பரிலேயே பிரிந்துவிட்டோம், எர்மேசும் நானும்.
கையெழுத்துகூடப் போட்டாகிவிட்டது.
ஆனால் கார்னியா மலையில் குளிர் முந்திக்கொண்டது,
மரக்குச்சி பெல்லட் மூட்டைக்கு இரண்டு யூரோ ஏறியது,
வீட்டில் அடுப்பு ஒன்றுதான்.

மாடியைப் பூட்டினோம்.
கதவடியில் பழைய கம்பளியைச் சுருட்டித் திணித்தோம்.
பதினெட்டு டிகிரி.
அதற்கு மேல் பொத்தானைத் தொட்டால் சண்டை.
பதினைந்து கிலோ ஒன்றரை நாள் வரவேண்டும்;
மருந்து ஊற்றுவதுபோல் அளந்து கொட்டுவான்.
அடுப்புக் கண்ணாடியின் கரியை
ஈரத்தாளில் சாம்பல் தொட்டு நான் துடைப்பேன்.
அவன் சோபாவில். நான் மடக்குக் கட்டிலில்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
பனியின் கனத்தில் மின்கம்பி அறுந்தது.
விசிறி நின்றது.
மூட்டை நிறைய இருந்தும்
கரண்ட் இல்லாமல் அணைந்துபோனது அடுப்பு.
"நிவெஸ், தூங்கிட்டியா?"
நான் பேசவில்லை.
"ரெண்டு போர்வையையும் சேர்த்துப் போட்டா
சிக்கனம்" என்றான்.
யோசித்துப் பார்த்தேன்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

விடிந்ததும் எழுந்துபோய்ச் சாம்பல் அள்ளினான்.
அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இன்று மார்ச் இருபத்தெட்டு.
கூரை சொட்டுகிறது.
கொட்டகையில் பதினொரு மூட்டை மிச்சம்.
யாருக்கு எத்தனை என்று
இன்னும் பிரிக்கவில்லை.