மூன்றாவது திரை

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது சிசிமியுட்டில்.
முப்பத்திரண்டு ஜிபி என்கிறான் கடைக்கார நூக்கா.
கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, இன்னும் என்னவோ.
தலையாட்டிக்கொண்டே
பென் டிரைவை நீட்டுகிறாள் அவியாயா.
ஒரே ஒரு படம்.
கடல் உறைந்த வெளியில் சீல் ரத்தம்.

முதல் திரையில் அது உதட்டுச்சாயம்.
அடுத்ததில் ஆறிப்போன காபி.
மூன்றாவது, விலை கேட்கவே வாய் வராதது,
அதில் பனி முதலில் நீலமாகிறது
பிறகுதான் சிவப்பு.

"இதுதானே சரி?"

அவளுடைய முதல் வேட்டை.
வெளிச்சம் என்று இருந்தது நெற்றி விளக்கு மட்டும்.
கறுப்பாகத்தான் இருந்தது ரத்தம்.

மெமரியைப் பாதியாக்கச் சொல்லி
மூன்றாவதை வாங்குகிறாள்.
படம் திறக்க நேரம் பிடிக்கும்.
பிடிக்கட்டும்.
கறுப்பு வரைக்கும் இறங்க
இதில்தான் வழி இருக்கிறது.

பெட்டியைச் சறுக்குவண்டியில் கட்ட
கயிறு தேடுகிறான் நூக்கா.